இடது கையால் எழுதிய தங்கக் கதை

(விளையாட்டுப் பக்கம்)



படிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன சோதனை. ஒரு தாள் எடுங்க. நீங்க எப்பவும் எழுதுற கையை முதுகுக்குப் பின்னால் வெச்சுக்குங்க. இன்னொரு கையால் உங்க பெயரை எழுதிப் பாருங்க. கோழி கிறுக்கின மாதிரி வருதா? பயப்படாதீங்க, எனக்கும் அப்படித்தான் வந்தது.

போன வருஷம் கபடி ஆடும்போது விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பார்க்க வந்த எங்கள் பி.டி. சார் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனிதரின் கதையை மட்டும் சொன்னார். போகும்போது, இரட்டைக்கோடு நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

யார் இவர்?

அவர் பெயர் காரோய் தகாச். ஹங்கேரி நாட்டுக்காரர். நம் ஊர்ப் புத்தகங்களில் கரோலி டகாக்ஸ் என்றும் இருக்கும். ஹங்கேரி மொழி உச்சரிப்பில் தகாச் என்பதுதான் சரி. அந்த மொழியில் தகாச் என்றால் நெசவாளர் என்று பொருள். அங்கே குடும்பப் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் சொந்தப் பெயரை எழுதுவார்கள், நாம் இனிஷியலை முன்னால் போடுகிற மாதிரி.

1910 ஜனவரி 21-ஆம் தேதி புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். வளர்ந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரராக ஆனார். 1936-க்குள் உலகத்தரமான வீரர் என்று பெயர் எடுத்துவிட்டார்.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக். தகாச்சுக்கு அப்போது 26 வயது. அவர் போயிருக்க வேண்டும். ஆனால் போகவில்லை. திறமை போதாது என்பதல்ல காரணம். அவர் சார்ஜெண்ட். அன்றைய ஹங்கேரி ராணுவத்தில் அதிகாரிகளை மட்டும்தான் ஒலிம்பிக் அணியில் சேர்ப்பார்கள். சார்ஜெண்ட் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் வாசலுக்கு வெளியேதான்.

யோசிச்சுப் பாருங்க. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறவனைப் பார்த்து, உங்க அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? அது போலத்தான் இதுவும். நல்லவேளையாக, பெர்லின் ஒலிம்பிக் முடிந்த பிறகு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஒலிம்பிக் 1940-ல். தகாச் அதற்காகக் காத்திருந்தார்.

அது என்ன போட்டி?

நாம் திருவிழாவில் பலூன் சுடுவோமே, அந்த மாதிரி நின்று நிதானமாகச் சுடுகிற போட்டி இல்லை இது. பெயரே அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டி. இலக்கு 25 மீட்டர் தள்ளி இருக்கும். ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் ஐந்து இலக்குகள். வீரர் துப்பாக்கி பிடித்த கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இலக்கு திரும்பிய அடுத்த நொடி கையை உயர்த்தி, ஐந்துக்கும் ஒவ்வொரு குண்டு சுட வேண்டும்.

முதலில் 8 விநாடி கொடுப்பார்கள். பிறகு 6 விநாடி. கடைசியில் 4 விநாடி. நாலு விநாடியில் ஐந்து குண்டு என்றால் ஒன்றுக்கு முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல். அதிலேயே கையைத் தூக்குகிற நேரமும் அடக்கம்! மொத்தம் 60 குண்டு. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10 புள்ளி. முழு மதிப்பெண் 600.

இன்னொரு முக்கியமான விதி: ஒரே கையால்தான் சுட வேண்டும். மற்ற கையால் தாங்கிப் பிடிக்கக் கூடாது. இந்த விதியை மனசில் வெச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

துப்பாக்கிக்கும் அளவெடுப்பு உண்டு

கடையில் வாங்கின துப்பாக்கியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஒலிம்பிக்கில் சுட முடியாது. தையல்காரர் நமக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி, துப்பாக்கியையும் வீரருக்கு ஏற்றபடி திருத்துவார்கள்.

முதலில் பிடி. அது மரத்தில் செய்தது. வீரரின் உள்ளங்கை மேடு, விரல் நீளம், கட்டைவிரல் உட்காரும் இடம் எல்லாம் பார்த்து, அரத்தால் ராவி ராவிச் சரிசெய்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் கை அதே இடத்தில் போய் உட்கார வேண்டும். 

அடுத்தது விசை. அதை இழுக்கக் கனமாக இருந்தால் விரலோடு சேர்ந்து துப்பாக்கியும் ஆடிவிடும். ரொம்ப லேசாக இருந்தால் நினைப்பதற்கு முன்னாலேயே வெடித்துவிடும். உள்ளே ஒன்றோடொன்று உரசுகிற சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை வழவழப்பாக்கி, எப்போது இழுத்தாலும் ஒரே மாதிரி விடுபடும்படி செய்ய வேண்டும். இது பழகின துப்பாக்கி மெக்கானிக் செய்கிற வேலை. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் துப்பாக்கி ஆபத்தானதாகிவிடும்.

மூன்றாவது எடை. சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கி உதைத்து, முனை மேலே துள்ளும். ஒரே ஒரு குண்டு என்றால் பரவாயில்லை. அடுத்த இலக்கு காத்திருக்கிறதே! அதனால் முனைப்பக்கம் சின்ன எடைகளைச் சேர்த்துத் துள்ளலைக் குறைப்பார்கள்.

நாலாவது தோட்டா. ஒரு தோட்டாவில் நாலு பாகம் உண்டு: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பொருள், உள்ளே வெடிமருந்து, முன்னால் ஈயக் குண்டு. கொஞ்சம் பெரிய ரகத் துப்பாக்கிப் போட்டிகளில் சுடும் பலர், சுட்டு முடிந்த கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து, மருந்தைத் தராசில் நிறுத்து, தாங்களே மறுபடி தோட்டா தயாரிப்பார்கள். எதற்காக? பலமாக வெடிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அறுபது தோட்டாவும் அறுபது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காக. மருந்தின் அளவு தோட்டாவுக்குத் தோட்டா மாறினால் வேகம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும்.

அதிவேகப் போட்டியில் பயன்படும் .22 ரகத் தோட்டா மிகச் சிறியது. அதில் தீப்பொறி தரும் பொருள் கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். ஒருமுறை ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும். அதனால் அதை மறுபடி நிரப்புவது வழக்கமில்லை. அதற்குப் பதில் வீரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் வெவ்வேறு தடவை செய்த தோட்டாப் பெட்டிகளை வாங்கி, துப்பாக்கியை ஒரு தாங்கியில் இறுக்கிக் கட்டிச் சுட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பெட்டியின் குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகின்றனவோ அதைப் போட்டிக்கு எடுத்து வைப்பார்கள். அதிவேகப் போட்டியில் பல காலம் .22 ஷார்ட் என்ற குட்டித் தோட்டாதான் பிரபலம். உதை குறைவு என்பதே காரணம். 2005-லிருந்து அதற்குப் பதில் சற்று நீளமான .22 லாங் ரைஃபிள் தோட்டாவை விதியாக்கிவிட்டார்கள்.

(நண்பர்களே, இதெல்லாம் உரிமம் பெற்றவர்கள், சங்கத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்கிற வேலை. தீபாவளி வெடியைப் பிரித்து மருந்து கொட்டிப் பார்க்கிற நம்ம ஆட்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். கதையின் அடுத்த பகுதியே உங்களுக்குப் பதில் சொல்லும்.)

1938 – ஒரு நொடி

தகாச்சுக்கு 28 வயது. ராணுவப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கையெறி குண்டு ஒன்றை எடுத்தார். அது பழுதான குண்டு. வீசுவதற்கு முன்னாலேயே கையில் வெடித்துவிட்டது. எந்தக் கையில் தெரியுமா? வலது கையில். அவர் குறி பார்த்துச் சுடும் அதே கையில்.

கை சிதைந்துவிட்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விதி தடுத்தபோது, விதி மாறும் என்று காத்திருக்கலாம். போன கை திரும்பி வருமா?

எனக்குக் கட்டு போட்டபோது ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதற்கே நான் அழுதேன். தகாச்சிடம் அப்படிச் சொல்ல எந்த டாக்டருக்கும் வழியில்லை.

இடது கை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் இடது கையால் சுடப் பழக ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. ரகசியமாகவே பழகினார்.

கை மாற்றுவது என்றால் சும்மா இல்லைங்க. நான் மேலே சொன்ன ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். வலது உள்ளங்கைக்கு ராவின பிடி இடது கையில் உட்காரவே உட்காராது. ஒரு கால் செருப்பை மறு காலில் போட்ட மாதிரி இருக்கும். நிற்கும் நிலை தலைகீழாக மாற வேண்டும். வலது காலை முன்வைத்தவர் இடது காலை முன்வைக்க வேண்டும். பெரும்பாலான துப்பாக்கிகள், சுட்ட கூட்டை வலது பக்கமாக வெளியே தள்ளும்படி செய்யப்பட்டவை, அதாவது வலது கைக்காரர்களை நினைத்தே செய்தவை. கண்ணிலும் சிக்கல் உண்டு. நமக்கு இரண்டு கண்ணில் ஒன்றுதான் குறி பார்ப்பதில் முந்திக்கொள்ளும். வலது கண் முந்துகிறவர் இடது கையால் சுட்டால், கண்ணும் கையும் ஒரே கோட்டில் வராது. தோட்டா நிரப்புவது போன்ற சின்ன வேலைக்குக்கூட எல்லோருக்கும் இரண்டு கை தேவைப்படுகிறது.

இவற்றில் பிடியை மரவேலைக்காரர் மாற்றித் தரலாம். விசையை மெக்கானிக் சரி செய்து தரலாம். ஆனால் கடைசியில் அந்த விசையை இழுக்கிற விரல் இருக்கிறதே, அதை யார் ராவிக் கொடுப்பார்? பல வருஷமாக வலது ஆள்காட்டி விரல் கற்ற மென்மையை, இதுவரை ஒன்றுமே கற்காத இடது விரல் அ, ஆ-விலிருந்து படிக்க வேண்டும். அதை அவரே செய்துகொண்டார்.

ஒரே கையால்தான் சுட வேண்டும் என்ற விதியை மனசில் வைக்கச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? எல்லோரையும் கட்டுப்படுத்திய அந்த விதி, தகாச்சுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது.

1939 வசந்த காலத்தில் ஹங்கேரியின் தேசிய கைத்துப்பாக்கிப் போட்டி நடந்தது. தகாச்சை அங்கே பார்த்த பழைய தோழர்கள், பாவம், வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்களாம். அவரோ போட்டியிட வந்திருப்பதாகச் சொன்னாராம். சொன்னபடியே போட்டியிட்டார். ஜெயித்தும் விட்டார்! அதே வருஷம் உலக சாம்பியன் பட்டம் வென்ற ஹங்கேரி அணியிலும் அவர் இருந்தார்.

இனி 1940 ஒலிம்பிக்தான் என்று நினைக்கிறீர்கள் அல்லவா?

மறுபடியும் காத்திருப்பு

இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. 1940 ஒலிம்பிக் முதலில் டோக்கியோவுக்கு என்றார்கள், பிறகு ஹெல்சிங்கிக்கு என்றார்கள், கடைசியில் நடக்கவே இல்லை. 1944-ல் லண்டனில் நடத்த இருந்ததும் ரத்தாகிவிட்டது. விளையாட்டு வீரருக்கு எட்டு வருஷம் என்பது ஒரு வாழ்நாள் மாதிரி. அந்தக் காலத்தில் எத்தனையோ வீரர்கள் போரில் இறந்துபோனார்கள். பலர் வயதாகி ஒதுங்கினார்கள்.

1948-ல் லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. சுதந்திர இந்தியா ஹாக்கியில் முதல் தங்கம் வாங்கியதே, அதே ஒலிம்பிக்தான். தகாச்சுக்கு வயது 38. பெர்லினுக்குப் போக வேண்டியவர் பன்னிரண்டு வருஷம் கழித்து, வேறு கையோடு வந்து சேர்ந்தார்.

துப்பாக்கிப் போட்டிகள் லண்டனுக்கு வெளியே பிஸ்லி என்ற இடத்தில் நடந்தன. அப்போதைய உலக சாம்பியன் அர்ஜென்டினாவின் கார்லோஸ் என்ரிக்கே தியாஸ் சயென்ஸ் வாலியன்தே. தங்கம் அவருக்குத்தான் என்று பேச்சு. போட்டிக்கு முன் அவர் தகாச்சைப் பார்த்து, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தாராம். கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று தகாச் அமைதியாகச் சொன்னதாகச் சொல்வார்கள்.

போட்டி முடிந்தது. தகாச் 580 புள்ளி. புதிய உலக சாதனை! அர்ஜென்டினா வீரர் 571 புள்ளியுடன் இரண்டாம் இடம். அறுபது குண்டிலும் சேர்த்து தகாச் விட்டது வெறும் 20 புள்ளிதான். அதுவும் பத்து வருஷத்துக்கு முன் பேனாகூடப் பிடித்திராத கையால். அர்ஜென்டினா வீரர் அவரிடம் வந்து, நீங்கள் போதுமான அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று வாழ்த்தினாராம். தோற்ற வருத்தத்திலும் அப்படிச் சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும். அவரையும் நாம் பாராட்டத்தான் வேண்டும்.

வாத்தியார் முதலிடம், மாணவன் இரண்டாமிடம்

கதை இத்தோடு முடியவில்லை. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். தகாச்சுக்கு வயது 42. மறுபடியும் தங்கம், இந்த முறை 579 புள்ளி. அதிவேகக் கைத்துப்பாக்கியில் தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

இரண்டாம் இடம் யாருக்குத் தெரியுமா? சிலார்த் குன் என்ற 17 வயது ஹங்கேரிப் பையனுக்கு. அவருக்குப் பயிற்சி கொடுத்தவரே தகாச்தான்! மாணவன் எடுத்தது 578. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். தனக்குத் தெரிந்ததை ஒளித்து வைக்காமல் சொல்லிக் கொடுத்தால்தான் மாணவன் அவ்வளவு நெருக்கத்தில் வர முடியும். தான் பழகும்போது ரகசியமாகப் பழகியவர், கற்றுக்கொடுக்கும்போது ரகசியம் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்த வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இன்னொன்று கவனித்தீர்களா? போரால் அவர் இழந்த 1940 ஒலிம்பிக் ஹெல்சிங்கியில் நடக்க வேண்டியது. 1944 ஒலிம்பிக் லண்டனில் நடக்க வேண்டியது. பிற்பாடு அவர் தங்கம் வாங்கியதும் அதே இரண்டு ஊர்களில்தான்.

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் 46 வயதில் கலந்துகொண்டார். எட்டாவது இடம் கிடைத்தது. 1976 ஜனவரி 5-ஆம் தேதி புடாபெஸ்டில் காலமானார். 66-ஆவது பிறந்த நாளுக்குப் பதினாறு நாள்தான் மிச்சம் இருந்தது.

நம் நாட்டோடு ஒரு தொடர்பு

2012-ல் ஒலிம்பிக் மறுபடி லண்டனுக்கு வந்தது. தகாச் தங்கம் வென்ற அதே அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளி வாங்கியவர் யார் தெரியுமா? நம் இந்திய ராணுவ வீரர், ஹிமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த விஜய்குமார். அப்போது அவருடைய பதவி சுபேதார். லெப்டினன்ட், கேப்டன் என்ற அதிகாரி வரிசையில் வருகிற பதவி இல்லை அது. 1936-ல் ஹங்கேரியில் இருந்தது போன்ற விதி நம் நாட்டில் இருந்திருந்தால், அந்த வெள்ளி நமக்குக் கிடைத்திருக்குமா? பதவி பார்த்து ஆள் எடுத்தால் நஷ்டம் அந்த ஆளுக்கு மட்டுமில்லை, நாட்டுக்கும்தான்.

எனக்கு என்ன ஆச்சு?

கேட்பீங்கன்னு தெரியும். பி.டி. சார் சொன்னபடி இரட்டைக்கோடு நோட்டு வாங்கினேன். முதல் நாள் ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. ‘ழ’வும் ‘ஞ’வும் படுத்திய பாடு கொஞ்சமல்ல. தேர்வில் எனக்காக எழுத ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவனை ஏற்பாடு செய்வதாக வகுப்பாசிரியர் சொன்னார். தமிழ்த் தேர்வு மட்டும் நானே எழுதுகிறேன் என்று கேட்டு அனுமதி வாங்கினேன். மற்ற தேர்வுகளைத் தம்பி எழுதினான். தமிழில் கடைசி இரண்டு கேள்விக்கு நேரம் போதவில்லை. 54 மதிப்பெண்தான். எப்பவும் 80-க்கு மேல் வாங்குகிறவன் நான். தகாச் மாதிரி உலக சாதனை எல்லாம் வரவில்லை. ஆனால் அந்த விடைத்தாளை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது வலது கை சரியாகிவிட்டது. இருந்தாலும் இந்தக் கட்டுரையின் தலைப்பை மட்டும் இடது கையால்தான் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே, நமக்கும் ஏதாவது ஒரு வாசல் மூடும். ஏதாவது ஒரு கை உடையும். அப்போது புலம்பி முடித்த பிறகாவது, மிச்சமிருக்கும் கையைப் பார்ப்போம். எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டால், கற்றுக்கொள்ள வந்தேன் என்று சொல்வோம். சொன்ன மாதிரியே கற்றும் கொள்வோம்.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்!

1. தகாச் என்ற சொல்லுக்கு ஹங்கேரி மொழியில் என்ன பொருள்?
2. 1952-ல் வாத்தியாருக்கும் மாணவனுக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம்?
3. .22 தோட்டாவை ஏன் மறுபடி நிரப்புவதில்லை?

மூன்றுக்கும் விடை இந்தத் தாளிலேயே இருக்கிறது. விடைகளை ஒரு சீட்டில் எழுதி விளையாட்டு அறைப் பெட்டியில் போடுங்கள். இடது கைக்காரர்கள் வலது கையாலும், வலது கைக்காரர்கள் இடது கையாலும் எழுத வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை!



– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்